கராஜ் ராக் முதல் ஆல்பம்: ஒத்திகை முதல் வினைல் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ், ஒரு குரல் கொண்ட புதிய குழுக்களை மனத்தில் வைத்துத் தொகுத்தவை இவை. பெரிய ஸ்டுடியோ தேவையில்லை. எட்டு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி), ஐந்தாறு மைக், சத்தம் போட அனுமதி உள்ள ஓர் அறை இருந்தால் போதும்.

கராஜ் ராக் கரடுமுரடாகத்தானே இருக்க வேண்டும்? பதிவில் இவ்வளவு கவனம் எதற்கு?

கரடுமுரடு வாசிப்பிலும் ஆம்பிலும் (கிட்டார் ஒலிபெருக்கி) இருக்க வேண்டும். மைக் வைப்பதிலும் லெவல் போடுவதிலும் இருந்தால் அது வெறும் மோசமான பதிவு. இந்த இசையை 1960-களில் அமெரிக்காவில் கராஜில், அதாவது கார் கொட்டகையில், ஆரம்பித்த பள்ளி வயதுப் பையன்களின் குழுக்களிடம் காசும் நேரமும்தான் குறைவு. டேப்பை ஓட்டியவர்களில் பலர் தொழில் தெரிந்தவர்கள்.

கிங்ஸ்மென் குழு 1963-ல் போர்ட்லாந்தில் பதிந்த 'லூயி லூயி'யைக் கேளுங்கள். கிட்டார் சோலோ முடிந்ததும் பாடகர் அவசரப்பட்டு முன்னாலேயே நுழைகிறார், சட்டென நிறுத்துகிறார், அந்த ஓட்டையை டிரம்மர் ஒரு ரோலால் அடைக்கிறார், பாடகர் சரியான இடத்தில் மறுபடி பிடித்துக்கொள்கிறார். அதை அப்படியே வெளியிட்டார்கள். லயம் விழாததால் பாட்டு கெடவில்லை.

இதிலிருந்து ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். முந்தி நுழைவது, குரல் உடைவது, கம்பி கீறுவது, பாட்டு தொடங்குமுன் ஆம்ப் உறுமுவது எல்லாம் மன்னிக்கக்கூடியவை. சில சமயம் அவைதான் ரசனையே. சுருதி சேராத கிட்டார், கேட்காத கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), டிஜிட்டலில் உடைந்த ஒலி, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இரண்டு மைக் ஆகியவற்றுக்கு 'கராஜ்' என்ற பெயர் சாக்காகாது.

எத்தனை பாடல், எத்தனை நிமிடம்?

10 முதல் 12 பாடல், 28 முதல் 36 நிமிடம். ரமோன்ஸ் குழுவின் 1976 முதல் ஆல்பத்தில் 14 பாடல் இருந்தும் மொத்தம் 29 நிமிடம்தான். வேகமான, சத்தமான இசையில் காது சீக்கிரம் களைத்துவிடும். 45 நிமிடம் போனால் கடைசி நான்கு பாடலை யாரும் கேட்கமாட்டார்கள். 14 பதியுங்கள், 11 வையுங்கள். விடுபட்ட மூன்றும் பிறகு சிங்கிளின் மறுபக்கத்துக்கு ஆகும்.

ஒத்திகையில் எதையெல்லாம் முடித்துவிட்டுப் பதிவுக்குப் போக வேண்டும்?

முதலில் வேகம். அறை நடுவில் கைபேசியை வைத்து, வெவ்வேறு நாளில் மூன்று ஒத்திகையைப் பதிவுசெய்து, ஒவ்வொரு பாடலின் டெம்போவையும் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) அளந்து எழுதுங்கள். ஒரே பாடல் ஒருநாள் 148, ஒருநாள் 160 என்று வந்தால் அதை இன்னும் முடிவுசெய்யவில்லை என்று அர்த்தம். பதிவறையில் பதற்றத்தில் எல்லாரும் 5, 6 பீட் கூட்டித்தான் வாசிப்பார்கள். அதனால் எண்ணிக்கை கொடுப்பவர் பாடல் பட்டியலில் எண்ணைப் பார்த்துவிட்டே தொடங்கட்டும்.

அடுத்தது முடிவுகள். பாடலின் நடு எல்லாருக்கும் தெரியும். கடைசி அடியில்தான் ஒருவர் நிற்க, இன்னொருவர் இழுப்பார். ஒவ்வொரு பாடலும் எப்படி முடிகிறது, கடைசி கார்டு எவ்வளவு நேரம் ஒலிக்கிறது, யார் கையசைத்து நிறுத்துகிறார் என்று எழுதி வையுங்கள்.

டிரம்ஸும் பேஸும் மட்டும், குரல் இல்லாமல், பாடலை முழுதாக வாசித்துப் பாருங்கள். இடம் தெரியாமல் இருவரும் தடுமாறினால் அந்தப் பாடல் இன்னும் தயாரில்லை. அதன்பின் இரண்டு கிட்டாரையும் கவனியுங்கள். இருவரும் ஒரே பிடியில் ஒரே கார்டை அடித்தால் பதிவில் அது ஒரு கிட்டார் போலத்தான் கேட்கும், அதுவும் கலங்கலாக. ஒருவர் கீழே பவர் கார்டு அடித்தால் மற்றவர் ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேலே போகட்டும், அல்லது பாதி அடியை விட்டுவிடட்டும்.

பதிவு நாளன்று கையில் என்ன இருக்க வேண்டும்?

கம்பி இரண்டு செட், முதல்நாளே மாற்றி இழுத்துவிட்ட செட் தனி. ஸ்னேருக்கு (டிரம்மரின் முன்னால் இருக்கும், சுள்ளென ஒலிக்கும் டிரம்) புதுத் தோல், கூடவே இன்னொன்று. குச்சி நான்கு ஜோடி, டிரம் சாவி, கிக் பெடலுக்கு உதிரி ஸ்பிரிங், 9 வோல்ட் பேட்டரி நான்கு, ஆம்புக்குச் சரியான மதிப்புள்ள ஃபியூஸ், வேலை செய்கிறது என்று சோதித்த கேபிள் மூன்று, துணி டேப், டியூனர். கிரீச்சிடும் கிக் பெடலுக்கும் டிரம் ஸ்டூலுக்கும் எண்ணெய். இந்தக் கிரீச் ஒத்திகையில் யார் காதிலும் விழாது. அமைதியான இடத்தில் மைக் அதை மட்டும்தான் பிடிக்கும்.

கிட்டாரின் இன்டோனேஷனை முன்கூட்டியே சரிபாருங்கள். 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜ் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், குறைவாக இருந்தால் முன்னுக்கு. இதைச் செய்யாமல் 'டியூன் செய்துதானே வாசிக்கிறேன், ஏன் கார்டு கசக்கிறது' என்று கேட்பவர்கள் நிறைய.

சேர்ந்து வாசித்துப் பதிவதா, தனித்தனியாகவா?

இந்த இசைக்குச் சேர்ந்துதான். டிரம்ஸ், பேஸ், ரிதம் கிட்டார் மூன்றும் ஒரே அறையில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி. லீட், பின்னணிக் குரல், தம்புரின் எல்லாம் பிறகு. தனித்தனியாகப் பதிந்தால் ஒவ்வொருவரும் ஹெட்ஃபோனுக்கு வாசிப்பார்கள். பேஸ் சற்று முந்தினால் டிரம்மர் பதில் சொல்லும் அந்த இழுபறி போய்விடும்.

ஒரு மைக்கில் மற்றதன் ஒலி கசிவது நிச்சயம். அதைத் தடுக்க முயல்வதைவிட, கசிவது நல்ல ஒலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். கிட்டார் ஆம்பை டிரம்ஸுக்கு எதிர்ப்புறம் திருப்பி, பின்னால் மெத்தையோ கனமான கம்பளியோ நிறுத்துங்கள். டிரம்ஸ் மைக்கில் கிட்டார் கேட்கலாம். ஆனால் ஸ்னேரைவிட உரக்கக் கேட்டால் ஆம்பின் சத்தம் அதிகம். வழிகாட்டிக் குரலை (வாசிப்பவர்களுக்கு இடம் காட்ட மட்டும் பாடுவது) மட்டும் அடுத்த அறையில் வையுங்கள். அது டிரம்ஸ் மைக்கில் கசிந்துவிட்டால் பிறகு பாடலின் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. பழைய வரி பேய்போல அடியில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கிளிக் டிராக் (வேகம் காட்ட ஹெட்ஃபோனில் ஒலிக்கும் 'டிக் டிக்') வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கோரஸில் இரண்டு பீட் ஏறுவது குறையல்ல. கிளிக்கை எட்டு அடி கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டு வாசிப்பது நல்ல இடைவழி. டேக்குகள் (ஒரே பாடலை மறுபடி மறுபடி வாசித்த பதிவுகள்) ஒரே வேகத்தில் தொடங்கியிருக்கும். மூன்றாம் டேக்கின் முன்பாதியையும் ஐந்தாம் டேக்கின் பின்பாதியையும் ஒட்ட வேண்டி வந்தால் வெட்டு தெரியாது. கிளிக்கோடு பழகாத டிரம்மரைப் பதிவறையில் முதல்முறையாக அதற்குக் கட்டிப்போடாதீர்கள். அடி சுருங்கிவிடும்.

டிரம்ஸுக்கு எத்தனை மைக்?

மூன்று போதும், நான்கு தாராளம். ஒவ்வொரு டாமுக்கும் ஒரு மைக் வைத்தால் கலக்கும்போது தலைவலிதான் கூடும்.

நம்பகமான முறை, கிளின் ஜான்ஸ் என்ற ஆங்கிலேய ஒலிப்பதிவாளர் பெயரால் அறியப்படுவது. முதல் மைக்கை ஸ்னேருக்கு நேர் மேலே ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில், கீழ்நோக்கி. இரண்டாவதை டிரம்மரின் வலப்பக்கம், ஃப்ளோர் டாமின் விளிம்புக்கு ஒரு சாண் மேலே, ஸ்னேருக்கு அப்பால் ஹை-ஹாட்டைப் பார்த்தபடி. மூன்றாவது கிக்குக்கு. நான்காவது வேண்டுமானால் ஸ்னேரின் விளிம்பில்.

இதில் முக்கியம் ஒரே ஒரு அளவு: முதல் இரண்டு மைக்கும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அளவு நாடா வேண்டாம், ஒரு கயிறு போதும். கயிற்றின் ஒரு முனையை ஸ்னேர் நடுவில் ஒருவர் விரலால் அழுத்திப் பிடிக்க, மறுமுனையை மேல் மைக் வரை இழுத்து அந்த இடத்தில் முடிச்சுப் போடுங்கள். அதே கயிற்றைப் பக்கவாட்டு மைக்குக்கு இழுத்தால் முடிச்சு சரியாக அங்கே வர வேண்டும். வராவிட்டால் மைக்கை நகர்த்துங்கள். பிறகு ஸ்டாண்டின் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். சாப்பிடப் போய்வரும்போது யாராவது இடிப்பது உறுதி.

மைக்குக்கு முன்னால் டிரம்ஸையே பாருங்கள். ஸ்னேரின் மேல்தோலை எதிரெதிர்த் திருகாக, ஒவ்வொரு திருகின் அருகிலும் தட்டி, ஒரே சுருதி வரும்வரை இறுக்குங்கள். மணிபோல ரீங்கரித்தால் விளிம்பில் மடித்த டேப் ஒரு துண்டு போதும். கிக்கின் உள்ளே ஒரு தலையணை, அடிக்கும் தோலை லேசாகத் தொட்டால் போதும். முழுக்க அடைத்துவிட்டால் அட்டைப்பெட்டி ஒலிதான்.

மைக் தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது, சேர்த்தால் ஸ்னேர் மெலிந்துவிடுகிறது. ஏன்?

ஃபேஸ் சிக்கல். ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. 34 சென்டிமீட்டர் கூடுதல் தூரம் என்றால் 1 மில்லிவினாடித் தாமதம். ஒரு மைக்கில் அலை மேலேறும்போது மற்றதில் கீழிறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் அடிபடுவது கீழ்ஒலியின் சதை.

சோதனை எளிது. எல்லாவற்றையும் மோனோவில் (இடது, வலது என்று பிரிக்காமல்) வைத்து, மேல் மைக்கை மட்டும் திறந்து, அடுத்த மைக்கைச் சேருங்கள். அதன் போலாரிட்டி பொத்தானை (அலையைத் தலைகீழாக்குவது) அழுத்தியும் விட்டும் கேளுங்கள். எந்த நிலையில் ஸ்னேரும் கிக்கும் கனமாக வருகிறதோ அதில் விடுங்கள். பிறகு அடுத்த மைக். இரண்டு நிலையிலும் சுமாராகவே இருந்தால் பொத்தானால் தீராது. மைக்கை 3, 4 சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். ஸ்னேருக்குக் கீழேயும் மைக் வைத்தால் அதன் போலாரிட்டியைத் திருப்ப வேண்டியிருக்கும்: மேல்தோல் உள்ளே போகும்போது கீழ்த்தோல் மைக்கை நோக்கி வருகிறது.

இந்த வேலையைப் பதிவுக்கு முன்பே, பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். பதிந்தபிறகு செய்வது ஒட்டுப்போடுவதுதான்.

சிம்பல் சத்தம் எல்லாவற்றையும் மூழ்கடிக்கிறது. என்ன செய்யலாம்?

இது மைக் பிரச்சினையே அல்ல, கைப் பிரச்சினை. இளம் டிரம்மர்கள் சிம்பலை விளாசி, தோலைத் தடவுவார்கள். தாழ்ந்த கூரை உள்ள அறையில் அந்தச் சத்தம் இரட்டிப்பாகி எல்லா மைக்குக்குள்ளும் நுழைகிறது. கம்ப்ரஷன் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது) போட்டால் இன்னும் மோசம், அடிக்கு அடி சிம்பல் மேலேறும்.

ஹை-ஹாட்டைப் பாதி திறந்தபடி முழுப் பாடலையும் அடிப்பதை நிறுத்தி, வெர்ஸில் மூடுங்கள். கிராஷ் சிம்பலைச் சற்று உயர்த்தி வைத்தால் கை எட்டி அடிக்கும், வேகம் குறையும். அப்படியும் அடங்காவிட்டால் சிம்பலின் அடிப்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு டேப். ஈக்வலைசரில் 8 கிலோஹெர்ட்ஸைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். ஸ்னேரின் உயிரும் அதோடு போகும்.

கிட்டார் ஆம்பை எப்படிப் பதிவது?

5 முதல் 15 வாட் வால்வு ஆம்ப் கிடைத்தால் நல்லது. ஒலி சீக்கிரம் உடையும் (டிஸ்டார்ஷன் வரும்), அறையும் தாங்கும். மேடைக்கு வைத்திருக்கும் 100 வாட் ஆம்பின் ஒலியை அதே அளவு உடைக்க வேண்டுமானால் அறையில் யாரும் நிற்க முடியாது. ஆம்பை நாற்காலி மேல் ஏற்றுங்கள். தரையில் கிடந்தால் அடிஒலி குழம்பும். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் ஓட்டக்கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ஷூர் எஸ்.எம். 57 போன்ற சாதாரண டைனமிக் மைக் ஒன்றே போதும். ஸ்பீக்கர் துணியிலிருந்து 2 முதல் 5 சென்டிமீட்டர் தள்ளி, கூம்பின் நடுவில் உள்ள வட்ட மூடியின் விளிம்பைப் பார்த்தபடி வையுங்கள். நடுவுக்குப் போகப்போக ஒலி கூர்மையாகும், ஓரத்துக்குப் போகப்போக மந்தமாகும். ஒருவர் வாசிக்க, ஒருவர் மைக்கை ஒரு சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டராக நகர்த்த, மூன்றாமவர் அடுத்த அறையில் கேட்டு 'நிறுத்து' சொல்லட்டும். எந்த ஈக்வலைசரும் இந்த ஐந்து நிமிட வேலைக்கு ஈடாகாது.

மேடையில் வைக்கும் கெயினில் (ஆம்பில் ஒலியை உடைக்கும் திருகு) கால்பங்கைக் குறையுங்கள். இது யாருக்கும் பிடிக்காத அறிவுரை, ஆனால் தவறாமல் பலிப்பது. கெயின் கூடக்கூட பிக் கம்பியில் படும் அடி மழுங்கும். அப்படி இரண்டு கிட்டார் சேர்ந்தால் கார்டு மாறுவதே தெரியாத ஒரு இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

ஃபஸ் பெடல் (கிட்டார் ஒலியை முரட்டுத்தனமாக உடைக்கும் கால்மிதி) பதிவில் கொசு ரீங்காரம்போல ஆகிவிடுகிறதே?

பெடல் வரிசையில் ஃபஸ் முதலில் வரட்டும். பழைய பாணி ஃபஸ் கிட்டாரின் பிக்கப்போடு நேராகப் பேச வேண்டும். நடுவில் பஃபர் (சிக்னலைத் தாங்கி அனுப்பும் சுற்று) உள்ள டியூனர் பெடல் புகுந்தால் மெலிந்து கத்தும். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ளவை வெப்பத்துக்கு மாறும். மதியம் நன்றாக இருந்தது இரவில் வேறாக இருந்தால் உங்கள் காதைக் குறைசொல்ல வேண்டாம். அதோடு, ஃபஸ் தனியாகக் கேட்க எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் பேஸோடு சேர்த்துக் கேட்டே முடிவுசெய்யுங்கள்.

ஆம்ப் உறுமுகிறது, எப்படிக் குறைப்பது?

ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸை அது பிடிக்கத்தான் செய்யும். வாசிப்பவர் மெதுவாகச் சுற்றி நின்று பார்க்கட்டும், ஏதோ ஒரு கோணத்தில் உறுமல் சட்டெனக் குறையும், அங்கேயே உட்காரட்டும். மங்கலாக்கும் விளக்கு ஸ்விட்சுகளை அணையுங்கள், சார்ஜர்களைப் பிடுங்குங்கள், ஆம்ப் எல்லாவற்றையும் ஒரே மின்வரிசையில் இணையுங்கள். உறுமலைப் போக்க பிளக்கின் எர்த் முள்ளை நீக்குபவர்கள் உண்டு. உயிருக்கு ஆபத்து, செய்யாதீர்கள். டி.ஐ. பெட்டியில் (ஆம்ப் இல்லாமல் கிட்டாரையோ பேஸையோ நேராக இன்டர்ஃபேஸுக்கு அனுப்புவது) உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் சிக்னல் கம்பிக்கானது, அது வேறு, அதை அழுத்தலாம்.

பேஸ்?

டி.ஐ. வழியாக ஒன்று, ஆம்ப் மைக் வழியாக ஒன்று. மைக் 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அது 1 மில்லிவினாடிக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கும். பதிந்தபின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து மைக் டிராக்கை முன்னே நகர்த்திச் சேருங்கள். பிக்கால் வாசிப்பதே இங்கே பொருந்தும். இரண்டு கிட்டாருக்கும் அடியில் விரலடி காணாமல் போகும்.

லெவலும் கோப்பு அமைப்பும்?

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 10 டெசிபலைச் சுற்றி, அதிகபட்சம் மைனஸ் 6. ஒலியை உடைக்க வேண்டுமானால் ஆம்பில், பெடலில், டேப்பில் உடையுங்கள். இன்டர்ஃபேஸின் சிவப்பு விளக்கில் உடைவது காதைக் கிழிக்கும், திரும்பவும் வராது. லெவல் சோதனையில் எல்லாரும் பவ்வியமாக வாசிப்பார்கள், டேக்கில் 6 டெசிபல் கூடும். அதனால் பாடலின் மிகச் சத்தமான பகுதியை வாசிக்கச் சொல்லியே அளவு வையுங்கள்.

இந்த அமைப்பில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட். எட்டு டிராக் ஒரு மணிநேரம் ஓடினால் சுமார் 4 கிகாபைட். ஒவ்வொரு இரவும் இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒன்றை வேறொருவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

டேப்பில் பதிந்தால்தான் அசல் ஒலியா?

டேப் தருவதில் பாதி, அதன் கட்டுப்பாடு. ஒயிட் ஸ்டிரைப்ஸ் 2003-ல் வெளியிட்ட 'எலிஃபன்ட்' லண்டனின் டோ ராக் ஸ்டுடியோவில் எட்டு டிராக் டேப்பில் பதிந்தது. எட்டே டிராக் என்றால் எது வேண்டும், எது வேண்டாம் என்று அப்போதே முடிவெடுத்தாக வேண்டும். கணினியிலும் எட்டு டிராக்குக்கு மேல் திறப்பதில்லை என்று விதி வைத்தால் அந்தப் பாதி இலவசமாகக் கிடைக்கும். கிக், மேல் மைக் இரண்டு, பேஸ், கிட்டார் இரண்டு, குரல், மிச்சம் எல்லாவற்றுக்கும் ஒன்று.

உண்மையான டேப் என்றால் கணக்கு இது: பத்தரை அங்குல ரீல், 2,500 அடி, வினாடிக்கு 15 அங்குல வேகத்தில் 33 நிமிடம் ஓடும். நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர் ஒரே பக்கமாக நான்கையும் பதிவதால் சி-60 கேசட்டில் 30 நிமிடம், இரட்டை வேகத்தில் 15. இரட்டை வேகமே வையுங்கள், மேல்ஒலி நிற்கும். தினமும் ஹெட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். மூன்று டிராக்கைக் கலந்து நான்காவதில் ஏற்றும்போது மேல்ஒலி கொஞ்சம் மங்கும்; அதைக் கணக்கில் வைத்துச் சற்று பளிச்சென்று கலந்து ஏற்றுங்கள். பராமரிக்காத இயந்திரம் கையில் கிடைத்தால் அதில் பதியாமல் இருப்பதே மேல். வேகம் ஆடினால் பிறகு ஆர்கன், லீட் எதுவும் சுருதி சேராது.

குரல் ஏன் இசைக்கு வெளியே ஒட்டவைத்ததுபோல் கேட்கிறது?

மிகத் துல்லியமான மைக்கில், அடைத்த அறையில், சுத்தமாகப் பதிந்ததால். மேடையில் கையில் பிடிக்கும் டைனமிக் மைக்கே இங்கே பொருத்தம். வாயிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர். பாடகர் நின்றுகொண்டு, வேண்டுமானால் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டே பாடட்டும். பாதி குழுவாவது அறையில் இருந்தால் இன்னும் நல்லது, ஆளில்லாத அறையில் யாருக்கும் கத்த வராது.

சுத்தமான பதிவை வைத்துக்கொண்டு, அதையே ஒரு சின்னப் பயிற்சி ஆம்பின் வழியாக ஓட்டி மறுபடி மைக்கால் பிடித்து, இரண்டையும் கலக்கலாம். உடைந்ததில் வெறி கிடைக்கும், சுத்தமானதில் சொல் கேட்கும். விகிதத்தைப் பாடலுக்குப் பாடல் மாற்றுங்கள். குரல் பதிவு ஒரு நாளைக்கு மூன்று பாடல், மிஞ்சினால் நான்கு. கத்திப் பாடுவதைக் கடைசியில் வையுங்கள். காலையிலேயே கத்தினால் மாலைக்குத் தொண்டை இருக்காது.

எத்தனை டேக்? மொத்தம் எத்தனை நாள்?

ஒரு பாடலுக்கு மூன்று முதல் ஐந்து. ஐந்தில் வராதது ஒன்பதிலும் வராது. வேறு பாடலுக்குப் போய்விட்டு மறுநாள் திரும்புங்கள். எது நல்ல டேக் என்பதை அன்றே குறித்துவிட வேண்டும். முப்பது டேக்கைச் சேர்த்துவைத்துப் பிறகு தேர்ந்தெடுக்கலாம் என்றால் ஆல்பம் வருடக்கணக்கில் இழுக்கும். தேர்வில் டிரம்ஸை மட்டும் பாருங்கள். கிட்டார் தவறைத் திருத்தலாம், சோர்ந்த டிரம்ஸைத் திருத்த முடியாது.

11 பாடலுக்கு நியாயமான கணக்கு: அமைப்புக்கு அரைநாள் முதல் ஒருநாள், சேர்ந்து வாசிக்கும் அடித்தளம் இரண்டு நாள், குரலும் மேல்பூச்சும் (லீட், தம்புரின் போல பிறகு சேர்ப்பவை) மூன்று நாள், ஒரு வார இடைவெளி, பிறகு மிக்சிங் (டிராக்குகளைக் கலப்பது) நான்கு நாள். அந்த இடைவெளியை வெட்டாதீர்கள்.

மிக்சிங்கில் எங்கே தொடங்குவது?

டிரம்ஸ் மேல் மைக்கிலிருந்து. அதைத் திறந்து அறையும் வேகமும் கேட்கத் தொடங்கியதும் கிக், பேஸ், கிட்டார், குரல் என்று சேருங்கள். முதல் ஒருமணிநேரம் மோனோவிலேயே, ஒரே ஸ்பீக்கரில், பேச்சுக்குரல் அளவில். மோனோவில் எல்லாம் தனித்தனியாகக் கேட்டால் ஸ்டீரியோவில் கவலையே இல்லை.

கிட்டாரின் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டிவிடலாம், அந்த இடம் பேஸுக்கும் கிக்குக்கும். குரல் மூழ்கினால் ஒலியைக் கூட்டுமுன் கிட்டாரில் 2.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 2 டெசிபல் குறைத்துப் பாருங்கள். ஒரு கிட்டாரை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் தள்ளுங்கள். குரலுக்கு 90 முதல் 120 மில்லிவினாடிக்குள் ஒற்றை எதிரொலி, கொஞ்சம் ஸ்பிரிங் ரிவெர்ப். நீண்ட ஹால் ரிவெர்ப் இந்த வேகத்துக்குச் சேறாகிவிடும். மொத்தக் கலவைமேல் கம்ப்ரஸர் போட்டால் எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும் முள் 2, 3 டெசிபலுக்கு மேல் அசையக்கூடாது.

தம்புரினை எச்சரிக்கையாகக் கையாளுங்கள். மைக்கிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப் பதியுங்கள். டிரம்ஸை மிகவும் நேசிப்பவர் கையில் கொடுங்கள், அது லயத்தை விட்டால் பாட்டே தள்ளாடும்.

மாஸ்டரிங்குக்கு (கலந்த பாடல்களை வெளியீட்டுக்கு இறுதியாகச் சீராக்குவது) என்ன அனுப்ப வேண்டும்? எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும்?

24 பிட் வேவ் கோப்பு, உச்சம் மைனஸ் 3-க்குக் கீழே, கடைசியில் லிமிட்டர் (உச்சத்தை அடக்குவது) இல்லாமல். கலந்தவரே மாஸ்டர் செய்யாமல் இருந்தால் நல்லது; புதிய காது பழைய தவறைப் பிடிக்கும்.

ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) அளவை ஒட்டிப் பாடல்களின் ஒலியைச் சமப்படுத்துகிறது. மைனஸ் 7 வரை நசுக்கி அனுப்பினால் அங்கே அது குறைக்கப்பட்டு, ஸ்னேரின் அடியும் போய், சத்தமும் கிடைக்காமல் நிற்கும். கராஜ் ஒலிக்கு மைனஸ் 9 முதல் 11 வரை போதும். ட்ரூ பீக் (ஒலியலையின் உண்மையான உச்சம்) மைனஸ் 1. பாடல்களுக்கு இடையே ஒரு வினாடி, சில இடங்களில் அதற்கும் குறைவு. இடைவெளி நீண்டால் வேகம் ஆறிவிடும்.

உரிமை, குறியீட்டு எண், பிறர் பாடல்?

பாடல் வேறு, பதிவு வேறு. இரண்டுக்கும் தனித்தனி உரிமை. யார் எழுதினார், எத்தனை சதவீதம் என்பதைப் பதிவு நாளுக்கு முன்பே ஒரே தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். வரவு வந்தபிறகு எழுதப்போனால் நட்பு உடையும்.

பிறர் பாடலைப் பதிந்தால் அதற்கான மெக்கானிக்கல் உரிமம் (பாடலை நகலெடுத்து வெளியிட அனுமதி) தேவை. நாட்டுக்கு நாடு நடைமுறை மாறும். வரிகளை மாற்றினால் உரிமையாளரிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து-எண் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. (பதிவை அடையாளம் காட்டும் பன்னாட்டுக் குறியீடு) உண்டு, வேறு மிக்ஸ் என்றால் புது எண். விநியோகஸ்தரிடம் வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். அட்டைப்படம் சதுரமாக, 3000க்கு 3000 பிக்சல்.

காது?

85 டெசிபலில் 8 மணிநேரம், 100-ல் 15 நிமிடம்: அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் சொல்லும் எல்லை இது. சின்ன அறையில் டிரம்ஸும் ஆம்பும் 100-ஐச் சுலபமாகத் தாண்டும். ஒத்திகைக்கும் பதிவுக்கும் காதடைப்பான் கட்டாயம்.

வினைல் அழுத்தும்போது எதைக் கவனிப்பது?

33⅓ வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 18 நிமிடம் என்றால் தட்டில் பள்ளத்தைச் சத்தமாக வெட்டலாம். 22-ஐத் தாண்டினால் வெட்டுபவர் லெவலைக் குறைத்தே ஆக வேண்டும். தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஊசிக்குக் கீழே பள்ளம் ஓடும் வேகம் குறைவதால் மேல்ஒலி சிதையும். ஆகவே 'ஸ்' ஒலி நிறைந்த, சிம்பல் கொட்டும் பாடலை ஒரு பக்கத்தின் கடைசியில் வைக்காதீர்கள்; நிதானமான பாடல் அங்கே போகட்டும். அடிஒலியை நடுவில் மோனோவாக வைத்து, லிமிட்டர் குறைந்த தனி மாஸ்டர் கொடுங்கள்.

சோதனைத் தட்டுகள் வந்ததும் ஒரே தட்டை ஒரே கருவியில் கேட்டு ஒப்புதல் தராதீர்கள். குறைந்தது இரண்டு தட்டு, இரண்டு பிளேயர். 'டிக்' என்ற சத்தம் கேட்டால் எந்தப் பாடல், எத்தனையாவது வினாடி என்று குறித்துக்கொண்டு அடுத்த தட்டில் அதே இடத்தைக் கேளுங்கள். ஒரு தட்டில் மட்டும் இருந்தால் தூசியோ அந்தத் தட்டின் குறையோதான். எல்லாத் தட்டிலும் அதே வினாடியில் வந்தால் குறை வெட்டிலோ அச்சிலோ இருக்கிறது; நேரக்குறிப்போடு எழுதி, மாற்றித் தரச் சொல்லிவிட்டு அடுத்த சோதனைத் தட்டு வரும்வரை முழு எண்ணிக்கைக்கு ஒப்புதல் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள்.